ஆற்றங்கரை இடுகாட்டுக் கோழிகள்

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அழுதுகொண்டு தெருமுனைவரை போகலாம். அதற்குமேல் ஆண்கள் பாடு. அதனால் என் அம்மாவைப் புதைத்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. புனேயிலேயே பிறந்தேன், புனேயிலேயே வேலை பார்த்தேன், நிக்டியில் என் வீட்டிலிருந்து அந்த இடம் ஒரு மணி நேரத் தூரம்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பேய் பயம் எங்கிருந்து வரும்? ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அதன் பிடி பேயின் பிடியைவிடக் கெட்டி.

போன வருஷம், எனக்கு ஐம்பத்தெட்டு வயதில், மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. நாங்கள் முன்பு குடியிருந்த கட்கி குவார்ட்டர்ஸ் கோயில் சுவரில் ஒட்டிய நோட்டீஸ். ஆற்றங்கரை இடுகாட்டில் கரையோரமாக உள்ள கடைசி இரண்டு வரிசைகளின் வழியாகப் பெரிய வடிகால் வருகிறது, அங்கே இருப்பவர்களை எடுத்து மேட்டுப் பக்கம் வைக்கப்போகிறார்கள், உறவினர்கள் வந்து அடையாளம் காட்டலாம், யாரும் கேட்டு வராத எலும்புகள் எல்லாம் ஒரே குழிக்குப் போகும். நான் அதை இரண்டு முறை படித்தேன். அம்மா கடைசி வரிசை என்று அப்பா ஒருமுறை சொன்னது எனக்குத் தெரியும்.

அந்த இடுகாட்டின் கதை கட்கித் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வடஆற்காட்டிலிருந்து வந்த சமையல்காரர்களும் தண்ணீர் சுமப்பவர்களும்தான் முதலில் குடியேறியவர்கள். வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தபிறகு வந்தவர்கள் எங்களைப் போன்றவர்கள். முதலில் வந்தவர்களுக்குச் சாக இடம் இல்லை. ஊர்க்காரர்கள் எரித்தார்கள், நம்மவர்கள் புதைக்கிறவர்கள். வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் ஒரு துண்டு நிலத்தைக் கேட்டு, ஒருவர் துரை வீட்டு வாசலில் நாள் கணக்காய் நின்றாராம். நிலம் கிடைத்த அந்த மாசமே காய்ச்சலில் போய்விட்டார். இடுகாட்டின் முதல் குழி அவருக்குத்தான். கேட்டு வாங்கியவனே குடிபோனான் என்று பெரியவர்கள் சொல்லும்போது சிரிப்பார்கள். எனக்குச் சின்ன வயதில் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரிந்ததில்லை.

கல் வைக்க வசதி இருந்தவர்கள் வைத்தார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்தே இராத மராத்திக் கல்தச்சர்கள் அதைப் பூவேலை என்று நினைத்துச் செதுக்கினார்களாம். வசதி இல்லாதவர்களுக்கு மண்மேடும் ஒரு செடியும். என் அம்மாவுக்குச் செடிகூடக் கிடையாது. அப்பாவுக்குக் கல் வைக்கிற வசதி இருந்தது. ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்டபோதெல்லாம், "கல்லு எதுக்கு கண்ணு, எனக்குத் தெரியுமே" என்பார். அவரும் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அவரை மின்மயானத்தில் எரித்தோம், அதுவும் அவர் சொல்லிவைத்தபடி.

அம்மா இறந்தது ஒரு சனிக்கிழமை. எனக்கு ஆறு வயது. தம்பி பிறந்து மூன்றாம் நாள் அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டது. சனிப்பிணம் தனிப்போகாது என்பார்கள். சனிக்கிழமை செத்தவர் அதே வீட்டிலிருந்து இன்னொருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வார், அதனால் துணையாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்பிவிட வேண்டும். குவார்ட்டர்ஸில் கோழி வளர்த்தது நாங்கள் ஒரு வீடுதான். பெரியவர் ஒருவர் வந்து என் சிவப்புப் பெட்டைக் கோழியைப் பிடித்தார். சோற்றுப் பருக்கையை என் உள்ளங்கையிலிருந்தே கொத்தித் தின்னும் கோழி அது. காலைக் கட்டி, தலைகீழாக, அம்மாவின் காலடிப் பக்கம் மூங்கிலில் தொங்கவிட்டார்கள்.

அன்று நான் புரண்டு அழுதேன். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "பாவம், இந்த வயசுலயே ஆத்தாவத் தேடுது பாரு" என்றார்கள். நான் கோழிக்காகத்தான் அழுதேன். அம்மா செத்தது எனக்கு அன்று புரியவில்லை, கோழியைக் கொண்டுபோவது புரிந்தது. "என் கோழி, என் கோழி" என்று கத்தினேன். அப்பா பாடையைத் தோளில் ஏற்றுவதற்குமுன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர்கள் தெரு திரும்பியபிறகும், பறைச் சத்தத்துக்கு நடுவில், கோழியின் கொக்கரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

காரியம் முடிகிறவரை என்னைப் பிம்ப்ரியில் ஒரு உறவுக்கார வீட்டில் விட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்தபோது தூளி இல்லை. தம்பி எங்கே என்றேன். ஊரில் பிள்ளையில்லாத ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் அப்பா. யார் என்று எப்போதும் கேட்கக்கூடாதென்று அவர்கள் சத்தியம் வாங்கியிருக்கிறார்களாம். குவார்ட்டர்ஸில் எந்த அத்தையைக் கேட்டாலும் அதே பதில்தான், வார்த்தை மாறாமல்.

நான் விடுகிற ஆள் இல்லை. அப்பா போனபிறகு இரண்டு முறை வேலூர்ப் பக்கம் போய்த் தேடினேன். தத்துக் கொடுத்த கதை தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில், கல்யாண வீட்டில், என் மூக்கைப் போன்ற மூக்கோடு ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்தால் கண் அவன்மேலேயே நிற்கும். அப்படி முறைத்துப் பார்த்து இரண்டு பேரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். என்றைக்காவது அவன் வந்து, அக்கா, அம்மா எங்கே என்று கேட்டால், கைகாட்ட ஒரு இடமாவது என்னிடம் இருக்க வேண்டும். நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குப் பதறியது இதற்குத்தான். அம்மா ஊர் பேர் தெரியாதவர்களோடு ஒரே குழிக்குப் போய்விட்டால் அவனுக்கு நான் எதைக் காட்டுவேன்?

சாகணில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகன் லீவு போட்டு வண்டி ஓட்டினான். வழியில் அவனுக்கு ஒரே சந்தேகம்.

"மா, அங்க போய் என்ன ப்ரூஃப் குடுப்ப? போட்டோ இல்ல, காகஜ் இல்ல."

"கோழி எலும்பு இருக்கும்டா. அம்மா கால்மாட்டுல."

அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினான். அவனுக்குத் தமிழ் தடுமாறும். தாள், பத்திரம் எல்லாம் அவனுக்குக் காகஜ்தான்.

ஏரவாடா பக்கம் திரும்பி, தகரக் கூரை வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் போய், ஆற்றைப் பார்த்த ஒரு இரும்புக் கேட்டில் நிறுத்தினான். காலை பத்து மணி. சந்தில் பால்காரர், பிரஷர் குக்கர் விசில், டிவி எல்லாம் இருந்தன. கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் குறையவில்லை, நின்றேவிட்டது. மதில் அவ்வளவு உயரமும் இல்லை. நான் வெளியே ஒரு அடி வைத்துப் பார்த்தேன், விசில் கேட்டது. உள்ளே வைத்தேன், இல்லை. கணக்கு டீச்சர் அல்லவா, மூன்று முறை செய்து பார்த்தேன்.

உள்ளே கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் சிவப்பு. முப்பது நாற்பது இருக்கும். கல்லறைக் கற்கள்மேல் உட்கார்ந்திருந்தன, எழுத்துக்களின் பள்ளத்தில் எதையோ கொத்தின. எங்களைப் பார்த்து ஒதுங்கவில்லை. இவ்வளவு ஏழை ஜனம் சுற்றிக் குடியிருக்கும் இடத்தில், திறந்த கேட்டுக்குள் திரியும் நாட்டுக்கோழியை ஒருவரும் தொடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான், மாநகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தா. அவன் பக்கத்தில் ஒரு வயதான மராத்திக்காரர் குந்தியிருந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கே குழி வெட்டுகிற குடும்பம், வயது எழுபத்தைந்து இருக்கும். அன்று மண்வெட்டி பிடித்த ஆட்களுக்கு இடம் காட்டுவதுதான் அவர் வேலை. என்னைப் பார்த்ததும் தமிழில், "வாங்க. கடைசியா பாக்கறவங்க பாத்துக்கோங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. பிறகுதான் புரிந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். தலை தெற்கே, மெல்ல இறக்கு, மண்ணு போடு, திரும்பிப் பாக்காம போங்க. நம்மவர்கள் இங்கே வந்து என்னென்ன பேசினார்களோ அதைத்தான் அவர் கற்றிருந்தார். வணக்கம், சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் அவரிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது.

நான் மராத்திக்கு மாறி விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரிசை, கல் இல்லை, சனிக்கிழமை, ஒரு பெண்பிள்ளை, பிரசவத்தில் போனவள். குழிக்குள் ஒரு கோழி இருக்கும்.

"அந்த வரிசையில் கல் இல்லாத குழி ஒன்பது" என்றார் அவர். "நாலில் கோழி இருக்கும். சனிக்கிழமைக் குழி எல்லாவற்றிலும் கோழியை அறுத்துப் போடுவோமே."

என் ஒரே அடையாளமும் போயிற்று. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, அவர் என்ன செய்வார் பாவம். சும்மா நிற்க முடியாமல், "அது என் கோழி, நான் வளர்த்தது, சிவப்புக் கோழி" என்று உளறினேன்.

அவர் எழுந்துவிட்டார். கல்லில் உட்கார்ந்திருந்த கோழிகளை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதான் அழுத பெண்ணா?" என்றார்.

இந்த மனிதர் என்னைப் பார்த்ததே இல்லை. நான் தெருமுனையைத் தாண்டினதே இல்லை.

அவர் சொன்னார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு ஆள்தான் கோழியை அறுக்கவேண்டாம் என்றது. வீட்டில் என் பெண் அதற்காக அழுகிறாள், அதைக் கொன்றுவிட்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றானாம். கூட வந்த பெரியவர்கள் கத்தினார்கள். அவன் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்து, கோழியை இவர் கையில் கொடுத்து, வளர்த்துக்கொள் என்றான். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி சாவுக்கு வந்த கோழி வேண்டாம் என்றுவிட்டாள். இங்கேயே விட்டார். அது முட்டையிட்டது, அடைகாத்தது. சேவல் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. இப்போது இருப்பது எல்லாம் அதன் வழிதான். யாரும் இதைத் தின்னமாட்டார்கள், நாய்கூடத் துரத்தாது.

அப்பா என்னிடம் சொன்னது வேறு. கோழி அம்மா கூடப் போய்விட்டது, அம்மா அங்கே தனியாக இல்லை என்றார். எனக்காகக் கோழியை உயிரோடு விட்ட மனிதர் அதை ஏன் என்னிடமே மறைத்தார்? சொல்லியிருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். இதில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"அப்படியென்றால் அந்தக் குழி உங்களுக்கு நினைவிருக்குமே?"

"இருக்காதா?" என்று சொல்லியபடி நடந்தார். "அதை நான் இரண்டு தடவை வெட்டினேன்."

அந்த வார்த்தை காதில் விழுந்தது. நான் நின்று விசாரித்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏதாவது சடங்காக இருக்கும், பால் தெளிக்க வந்திருப்பார்கள் என்று நானே ஒரு பதிலைச் செய்துகொண்டேன். விடை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கணக்கை முடிக்காமல் விடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முறை வெட்டிய மண் பக்கத்து மண்ணோடு சேராது என்று அவர் காட்டினார். அந்த இடம் ஒரு சாண் அமுங்கியிருந்தது, புல் வேறு நிறத்தில் இருந்தது. ஆட்கள் இறங்கினார்கள். மகன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கார்ல உக்காரு மா, நான் பாக்கறேன்" என்றான். மாட்டேன் என்றேன். ஈரமண் வாசனை வந்தது. ஆறு பக்கத்தில் ஓடியும் அதன் சத்தம் கேட்கவில்லை. வெட்டும் சத்தம் மட்டும்தான். கோழிகள் ஒவ்வொன்றாக வந்து குழியைச் சுற்றி நின்றன. கிளறிய மண்ணில் புழு இருக்கும், அதற்காக வந்தன என்று எனக்குத் தெரியும். ஆனால் அவை ஒன்றும் கொத்தவில்லை, நின்றன.

நெஞ்சளவு ஆழத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்கள். கால் எலும்பு முதலில். பிறகு இடுப்பு, விலா. அம்மா என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். பழுப்பாக, வேர் மாதிரி இருந்தது. இவ்வளவு சின்னவளா என்று மட்டும் நினைத்தேன். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவளைவிட இளையவள்.

இடது கைப் பக்கம் ஒரு ஆள் நிறுத்தினான். மண்ணை ஊதினான். குழிவெட்டும் பெரியவரை நிமிர்ந்து பார்த்தான்.

அங்கே தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒன்று கிடந்தது, அவ்வளவு மெல்லியதாக. அதன் பக்கத்தில் சில கறுப்பு மணிகள். பச்சைப்பிள்ளைக்குக் கண்படாமல் இருக்கக் கையில் கட்டுகிற கருமணி. நூல் மக்கிப்போய், மணிகள் வட்டமாகவே கிடந்தன.

பெரியவர் குனிந்து, அவருக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகச் சொன்னார். "கொழந்த. தலை தெற்கே."

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தேன். அவர் எதிரில் குந்திக்கொண்டு மீதியை மராத்தியில் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அதே ஆட்கள் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார்கள். பச்சைப்பிள்ளையை மதிலோரம் தனியாகப் புதைப்பதுதான் வழக்கம். அப்பா விடவில்லை, தாயின் குழியையே திறக்கச் சொன்னார். பெரியவர்கள் கத்தினார்கள். அன்றைக்கே சொன்னோமே, கோழியை விட்டாயே, இப்போது துணைக்கு யார் போனது பார் என்றார்கள். அப்பா குழிக்குள்ளிருந்து ஏறிவந்து, இந்த மண்ணைத் தொட்டு ஒவ்வொருவரும் சத்தியம் செய்யுங்கள் என்றாராம். இந்தப் பிள்ளை போனது என் பெண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஒரு கோழிக்கு அழுததால் தம்பி செத்தான் என்று நினைத்துக்கொண்டே வாழ்வாள். உங்களில் யாராவது வாய் திறந்தால் அவர்கள் சாவுக்கு நான் வரமாட்டேன், என் சாவுக்கு அவர்களும் வரவேண்டாம்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அப்பா மூடியிருக்கிறார். எனக்குத் தலை பின்னிவிட்ட அத்தைகள், திருமணத்தில் தாய்ஸ்தானத்தில் நின்ற அத்தை, தம்பி பற்றிக் கேட்டபோதெல்லாம் வார்த்தை மாறாமல் சொன்ன அத்தனை பேரும், சத்தியத்தோடேயே போய்ச் சேர்ந்தார்கள். கல் வைக்காததன் காரணமும் புரிந்தது. கல் வைத்தால் அதில் இரண்டு பேரை எழுத வேண்டும்.

எனக்கு அப்பாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பிணத்தை உயிரோடு ஊரில் நடமாடவிட்டு, என்னை ஐம்பது வருஷம் அதன் பின்னால் ஓடவிட்டாரே. அதே மூச்சில் அவர் காலைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. தாய்ப்பால் இல்லாத மூன்றுநாள் பிள்ளை பிழைப்பது அந்தக் காலத்தில் கஷ்டம், அதற்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை. இது எனக்குத் தெரியும், யாருக்கு வேண்டுமானாலும் பலகையில் எழுதி நிரூபிப்பேன். ஆனால் அறிவு சொல்வது வயிறுவரை இறங்கவில்லை. சுற்றி நின்ற அந்தச் சிவப்புக் கூட்டத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்பா எதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாரோ அது அன்று காலை என்னிடம் வந்து சேர்ந்தது.

புது வெள்ளைத் துணியில் இரண்டு மூட்டையாகக் கட்டினார்கள். சேர்த்தே கட்டலாமே என்றேன். எண்ணிக்கை வேண்டும், இரண்டு தனித்தனிப் படிவம் என்றான் குமாஸ்தா. மகன் அம்மாவின் படிவத்தை என்னிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினான். இரண்டாவதை நான் வாங்கிக்கொண்டேன். பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன், பெயர் வைக்கும்வரை அவன் இருக்கவில்லை. உறவு என்ற இடத்தில் தம்பி. எழுத்து கோணியதால், மீதியைச் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன் என்று படிவத்தை இளைஞன் வாங்கிக்கொண்டான்.

"வயது?" என்றான்.

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

அவன் எழுதவில்லை. மேசைமேல் இருந்த அந்தச் சின்ன மூட்டையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பத்து நாள் என்று திருத்திச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.